பதினேழாம் நம்பர் ஆணி

அத்தியாயம் 6

பணத்தை விட்டுவிட்டு டிரைவிங் லைசென்ஸை மட்டும் திருடுகிற திருடனை, ராஜராஜன் தன்னுடைய மூன்று வருட சர்வீஸில் கேள்விப்பட்டதே இல்லை. அதுவும் சார்ஜாவில். அதுவும் பெரம்பலூரில் எடுத்த லைசென்ஸை.

"அவன் என்ன மேடம், அங்கேர்ந்து பிளைட் புடிச்சு வந்து நாலு ரோட்டுல ஷேர் ஆட்டோ ஓட்டப் போறானா?"

மலர்கொடி பதில் சொல்லவில்லை. பெரம்பலூரில் ஒரு பரோட்டாக் கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிற அம்மாள் அவள். அதற்கு முன் பத்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் துப்பறிந்தவள். சொந்தக் காரையே வைக்கோல் போருக்குள் ஒளித்துவிட்டு, காணோம் காணோம் என்று மார்பில் அடித்துக்கொண்டவர்களை எல்லாம் பார்த்தவள். அவள் பேசாமல் இருந்தால் யோசிக்கிறாள் என்று அர்த்தம். அவளுடைய உதவியாளன் ராஜராஜன் பேசாமல் இருந்தால் தூங்குகிறான் என்று அர்த்தம்.

இப்போது இருவரும் லெப்பைக்குடிகாட்டில், ருமைசாவின் மாடிப் போர்ஷனில் உட்கார்ந்திருந்தார்கள். காலை ஒன்பது மணி. ருமைசாவுக்கு இருபத்து மூன்று வயது. கீழ் வீட்டில் அவளுடைய அத்தா, அம்மா. மாடியில் அவள் மட்டும். கண் வீங்கியிருந்தது.

"எங்க வூட்டுக்காரருக்கு நாளைக்குக் காலைல சார்ஜாவுல டிரைவிங் டெஸ்ட்டுக்கா. ஊரு லைசென்ஸ் ஒரிஜினல் கையில இல்லாட்டி கம்பெனியில டெஸ்ட்டுக்கே விடமாட்டாங்களாம். இந்தத் தடவ விட்டா டிரைவர் வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"தொலைஞ்சு போச்சுன்னு டூப்ளிகேட்டுக்கு எழுதிப் போடலயாம்மா?"

"எல்லாம் போட்டாச்சுக்கா." ருமைசா ஒரு ஃபைலைப் பிரித்து வைத்தாள். சார்ஜா போலீஸில் எழுதிக் கொடுத்த புகார், ஆன்லைன் விண்ணப்பம், கட்டணம் கட்டிய ரசீது, எல்லாம் வரிசையாக இருந்தன. "பெரம்பலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் நல்லபடியாத்தான் பேசுனாங்க. பேப்பர்லாம் சரியா இருக்கு, கார்டு தபால்ல வரும், மூணு வாரம் பொறுத்துக்கங்கன்னாங்க. மூணு வாரத்துக்கு எங்கக்கா போறது?"

அவளுடைய கணவன் முகமது அனஸ் சார்ஜாவில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறான். டிரைவர் ஆனால்தான் மனைவியை அழைத்துக்கொள்ள கம்பெனி விசா கொடுக்கும். நிக்காஹ் முடிந்து ஒரு வருடம் ஆகிறது.

"சேந்து இருந்தது எத்தன நாளு?" என்று மலர்கொடி கேட்டாள்.

"நாப்பத்தொரு நாள்," என்றாள் ருமைசா, யோசிக்காமல்.

ராஜராஜன் தண்ணீர் கேட்டான். சோகம் கேட்டால் அவனுக்குத் தாகம் எடுக்கும். ருமைசா எழுந்துபோய் மூலையிலிருந்த நீல டிரம்மின் மூடியைத் தூக்கினாள். அது சுவரில் பட்டு 'ணங்' என்றது. டிரம் சின்னது, அலுமினிய மூடியோ பெரியது. எல்.கே.ஜி. பிள்ளை அப்பாவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

"இந்த மூடிக்கு இன்னும் ரெண்டு டிரம் வாங்கலாம் போலருக்கே," என்றான்.

"டிரம் மூடி ஒடஞ்சு போச்சுண்ணே. கெடந்தத எடுத்து மூடி வெச்சேன்." அன்றைக்கு முதல் முறையாக ருமைசா லேசாகச் சிரித்தாள்.

எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது. குடித்தான். உலகத்தில் ராஜராஜன் குடித்த தண்ணீரிலேயே அதுதான் முக்கியமான தண்ணீர் என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

வீடியோ காலில் அனஸ் வந்தான். பின்னால் மலை மலையாக அட்டைப் பெட்டிகள்.

"மேடம், சத்தியமா பர்ஸுலதான் இருந்துச்சு. போன மாசம் பஸ்ஸுல பர்ஸ் விழுந்துருச்சு. ரெண்டு நாள் கழிச்சு அந்த பஸ்ஸ தொடைக்கிற மலையாளத்து அண்ணன் தேடி வந்து குடுத்தாரு. பாத்தா லைசென்ஸ் மட்டும் இல்ல."

"பணம்?"

"ஒரு திர்ஹம் கொறையல."

"வேற என்ன இருந்துச்சு?"

"ருமைசா போட்டோ. அதுவும் இருந்துச்சு." அனஸ் வெட்கப்பட்டான்.

"பதினோரு மாசமா அங்க இருக்கீங்க. அந்தப் பர்ஸுக்குள்ள லைசென்ஸ் இருக்குதான்னு ஒரு தடவையாவது எடுத்துப் பாத்தீங்களா தம்பி?"

அனஸ் விழித்தான். "இங்க வண்டியே ஓட்டலையே மேடம். எதுக்குப் பாக்கணும்?"

"அப்ப அது பஸ்ஸுல காணாமப் போகல," என்றாள் மலர்கொடி. "பிளைட்டே ஏறல. உங்க லைசென்ஸ் ஊர்லதான் இருக்கு. நீங்க அத சார்ஜா போலீஸ விட்டுத் தேடச் சொல்லியிருக்கீங்க."

ருமைசா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மலர்கொடி பர்ஸைக் கேமரா முன்னால் கவிழ்க்கச் சொன்னாள். நோட்டுகள் விழுந்தன. ருமைசா விழுந்தாள், பாஸ்போர்ட் சைஸில். அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு தகர வில்லை விழுந்து உருண்டது. அதில் 17 என்று இருந்தது.

"இது என்ன?"

"ஏதோ பள்ளிவாசல்ல செருப்பு விட்டப்ப குடுத்த டோக்கனா இருக்கும்னு வெச்சிருந்தேன் மேடம்."

"கிட்டத்துல காட்டுங்க. இன்னும் கிட்ட."

எண் அச்சடித்ததல்ல, பெயிண்டில் எழுதியதும் அல்ல. புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தது. மலர்கொடி ராஜராஜனின் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கித் திருப்பினாள். விளிம்புக்குக் கீழே ருமைசா என்று, சீர் வாங்கியபோது கடையில் வெட்டிக் கொடுத்த பெயர், அதே புள்ளி புள்ளியாக.

"ராஜராஜா, இப்புடிப் பேரு வெட்டுற மிஷினு எங்க இருக்கும்?"

"பாத்திரக் கடையில."

"கடைக்காரன் டோக்கன் எப்பத் தருவான்?"

"நம்மகிட்டேர்ந்து ஒண்ண வாங்கி வெச்சிக்கிட்டாத்தான்."

"பாத்திரம் வாடகைக்கு எடுத்தா எத வாங்கி வெச்சிக்குவாங்க?"

"ஏதாச்சும் ஒரு ஒரிஜினல் அட்ட..." ராஜராஜன் பாதியில் நிறுத்தி வாயைப் பிளந்தான். இந்தப் பெண்மணி ஏன் முதலாளி, தான் ஏன் சம்பளக்காரன் என்பது அவனுக்கு மாதம் ஒருமுறை இப்படிப் புரியும்.

"நான் பாத்திரமே வாடகைக்கு எடுக்கலையே மேடம்!" என்று அனஸ் அலறினான். "நிக்காஹ்வுக்குக்கூட ஜமாஅத்துப் பாத்திரம்தான்!"

"அந்த நாப்பத்தொரு நாள்ல வேற எங்கயாச்சும் பெரிய சமையல் நடந்துச்சா?"

"நாப்பதாவது நாளு!" ருமைசா துள்ளி எழுந்தாள். "அரியலூருக்கா! இவுங்க சிநேகிதரு ராசாங்கம் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. ரெண்டு பேரும் போனோம், இவுங்கதான் பிரியாணி ஆக்குனாங்க!"

அனஸ் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் சார்ஜாவிலிருந்து தெளிவாகக் கேட்டது. "யா அல்லாஹ்! கையெல்லாம் இஞ்சி பூண்டு மேடம். ராசாங்கம் வந்து, 'மாப்ள, பிரியாணிக்கு இன்னொரு தேக்சா வேணும், கடையில அட்ட கேக்குறாங்க, என் லைசென்ஸ் லாரியில கெடக்கு'ன்னான். பின் பாக்கெட்டுல பர்ஸ் இருக்கு, வேணுங்குறத எடுத்துக்கன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல!"

ராசாங்கம் லைசென்ஸை எடுத்தான், டோக்கனை அதே இடத்தில் செருகினான். மறுநாள் அனஸ் பிளைட் ஏறிவிட்டான். ராசாங்கத்துக்குப் போன் போட்டால் இந்தியில் ஒரு பெண் பேசினாள். லாரி எந்த மாநிலத்தில் நிற்கிறதோ.

"எந்தக் கடைன்னு தெரியுமா?"

"தெரியாதே மேடம்!"

மலர்கொடி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பக்கத்துத் தெரு ஜபருல்லா மாமா இன்றைக்குச் சாயங்கால பிளைட்டில் சார்ஜா போகிறார் என்று ருமைசா சொல்லியிருந்தாள். பன்னிரண்டரைக்குக் காரில் கிளம்பி, ஒன்றரை மணிக்குப் பெரம்பலூர் நாலு ரோட்டைத் தாண்டித் திருச்சிக்குப் போவார். லைசென்ஸ் அந்தக் காரில் ஏறியே ஆக வேண்டும்.

"வண்டிய எடு," என்றாள்.

மலர்கொடியின் ஸ்கூட்டியை எப்போதும் ராஜராஜன்தான் ஓட்டுவான். பின்னால் உட்கார்ந்தால்தான் அவளுக்கு மூளை ஓடும். வேப்பூர் தாண்டி, குன்னம் தாண்டி, இரண்டு பக்கமும் மக்காச்சோளம் விசிறிக்கொண்டு போக, பதினொன்றுக்கெல்லாம் அரியலூர் வந்துவிட்டது.

டீக்கடையில் விசாரித்தால் பாத்திர வாடகைக் கடைகள் நான்கு என்றார்கள்.

"நாலையும் பாக்க நேரமில்ல மேடம். ஆளுக்கு ரெண்டாப் பிரிச்சுக்குவமா?"

மலர்கொடி டீ மாஸ்டரிடம் ஒரே கேள்வி கேட்டாள். "அண்ணே, இந்த நாலுல ஒரு கரண்டி கொறஞ்சாலும் விடாத கடை எது?"

மாஸ்டர் ஆற்றுகிற டீயை நிறுத்தவில்லை. "தனம் அக்கா கடை. ஒத்தக் கரண்டிக்காக மாப்ள ஊர்வலத்தயே மறிச்சவங்க."

"பதினோரு மாசமா ஒரு அட்டைய விடாம வெச்சிருக்கிறவங்க அவங்களாத்தான் இருக்கும்," என்றாள் மலர்கொடி. ராஜராஜன் டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

தனத்தின் கடையில் தரையெல்லாம் குண்டான், அண்டா, தேக்சா. சுவரில் ஒரு நீளப் பலகை, அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணிக்கும் ஓர் எண். பதினேழாம் ஆணியில் பிளாஸ்டிக் கவருக்குள் அனஸ், கொஞ்சம் மீசையோடும் நிறைய பயத்தோடும், தொங்கிக்கொண்டிருந்தான்.

"மேடம்!" ராஜராஜன் குதித்தான். கையை நீட்டினான். கைக்கும் ஆணிக்கும் நடுவே நாலடி நீளக் கரண்டி ஒன்று குறுக்கே விழுந்தது.

"டோக்கன்?" என்றாள் தனம். ஐம்பது வயதிருக்கும். அந்தக் கரண்டி அவளுக்குக் கையின் தொடர்ச்சி போலவே இருந்தது.

"டோக்கன் சார்ஜாவுல இருக்குக்கா."

"அப்ப அட்டையும் அங்க இருக்கட்டும்னு நெனச்சுக்க."

மலர்கொடி வீடியோ காலைப் போட்டாள். அனஸ் இரண்டு கையாலும் டோக்கனைத் தூக்கிக் காட்டினான். தனம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "ம். என் வெட்டுதான். அந்த ஏழுக்கு வாலு கொஞ்சம் வளைஞ்சிருக்கும்."

"அப்ப எடுத்துக்கலாமாக்கா?"

"மூடி?"

"என்ன மூடி?"

"தேக்சா வந்துச்சு. மூடி வரல." தனம் கரண்டியால் காட்டினாள். மூலையில் 17 என்று வெட்டிய ஒரு பெரிய தேக்சா, வாயைத் திறந்துகொண்டு, யாருக்கும் வாடகைக்குப் போகாமல் பதினோரு மாதமாக உட்கார்ந்திருந்தது. "மூடி இல்லாம தம் எப்புடிப் போடுவ? ராசாங்கத்துக்கு நாலு தடவ போன் போட்டேன். வூட்டுலதான் எங்கயோ கெடக்கும், வந்து தேடித் தரேன்க்கா, துபாய்க்காரனுக்கு ஊரு லைசென்ஸ் எதுக்குன்னான். லாரிய எடுத்துட்டுப் போயிட்டான்."

"புது மூடி வாங்கித் தரேன்க்கா," என்றாள் மலர்கொடி.

"என் மூடிதான் வேணும். வேற மூடி போட்டா ஓரத்துல ஆவி போயிரும்."

போனில் அனஸின் முகம் சுருங்கிவிட்டது. மணி பதினொன்றே முக்கால். கொடுமை என்னவென்றால், லைசென்ஸ் இரண்டடி தூரத்தில் தொங்குகிறது. ராஜராஜன் பரிதாபமாக அந்தத் தேக்சாவின் வாயைப் பார்த்தான். எவ்வளவு பெரிய வாய். இரண்டு கையையும் விரித்து அளந்து பார்த்தான். இதே அகலத்தை இன்றைக்குக் காலையில்...

"மேடம், நான் காலைல தண்ணி குடிச்சேன்."

"இப்ப அது ரொம்ப முக்கியம்."

"ரொம்ப முக்கியம் மேடம். டிரம்மு சின்னது. மூடி பெருசு. நான் கிண்டல்கூடப் பண்ணேன்!"

மலர்கொடி அவனை ஒரு கணம் பார்த்தாள். அடுத்த கணம் ருமைசாவின் நம்பரை அழுத்தியிருந்தாள்.

"ருமைசா, தண்ணி டிரம்மோட மூடிய எடுத்துத் திருப்பிப் பாரும்மா."

'ணங்' என்றது போன். பிறகு ஒரு கூச்சல். "அக்கா! புள்ளி புள்ளியா பதினேழு! ஐயோ, நாந்தான்க்கா! அன்னைக்கு மிச்ச பிரியாணிய எங்க குண்டான்ல போட்டு, சிந்தாம இருக்க இத மேல வெச்சுக் கட்டிக் கொண்டாந்தேன். ராசாங்கம் அண்ணன் வூட்டு மூடின்னு நெனச்சேன். மறுநாளே இவுங்க கெளம்பிட்டாங்க, எனக்கு ஒண்ணும் ஓடல. பதினோரு மாசமா நானே இவுங்க லைசென்ஸ மூடி வெச்சிருக்கேனே!"

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ராஜராஜனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"அழாத. மூடியத் தூக்கிக்கிட்டு ஜபருல்லா மாமா கார்ல ஏறு. நாலு ரோட்டுல எறங்கு."

மலர்கொடி திரும்பினாள். "அக்கா, கேட்டீங்கல்ல? மூடி சாயங்காலத்துக்குள்ள உங்க கடைக்கு வந்துரும். இப்ப லைசென்ஸக் குடுங்க."

"ஆணி காலியா இருக்கக் கூடாது," என்றாள் தனம். "ஒரு லைசென்ஸ் போகணும்னா இன்னொரு லைசென்ஸ் வரணும்."

"ஆதார் தரேன்."

"ஆதார வெச்சிட்டுப் போனவங்க ஆறு மாசம் கழிச்சு வராங்க. லைசென்ஸ வெச்சிட்டுப் போனவங்களுக்குத்தான் போலீஸ்காரரப் பாக்குறப்பல்லாம் என் நெனப்பு வரும்."

மலர்கொடி ராஜராஜனிடம் கையை நீட்டினாள். "ராஜராஜா, உன் லைசென்ஸ எடு."

ராஜராஜன் கூரையைப் பார்த்தான்.

"ராஜராஜா?"

"மேடம், தனியா ஒரு வார்த்த..."

"இங்கயே சொல்லு."

"லைசென்ஸ்... இல்ல மேடம்."

"வூட்டுல வெச்சிட்டு வந்துட்டியா?"

"எடுக்கவே இல்ல மேடம். மூணு தடவ போனேன். எட்டு போடச் சொன்னாங்க. நான் போட்டா ஆறுலயே கால ஊனிருவேன்."

கடையில் எங்கோ ஒரு குண்டான் தானாக நழுவி உட்கார்ந்தது. மூன்று வருடம். வைக்கோல் போருக்குள் காரைக் கண்டுபிடித்தவள், தினமும் இவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர் முழுக்கத் துப்பறிந்திருக்கிறாள்.

"மூணு வருசமா ஏண்டா சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே மேடம்."

தனம் சிரித்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மலர்கொடி தன் கைப்பையைத் திறந்து தன்னுடைய லைசென்ஸை எடுத்துக் கொடுத்தாள். அனஸ் ஆணியிலிருந்து இறங்கினான், மலர்கொடி ஏறினாள். கவரைப் பிரித்து, லைசென்ஸ் இன்னும் ஒன்பது வருடத்துக்குச் செல்லும் என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கு அடுத்த விஷயம் உறைத்தது. இப்போது ஸ்கூட்டியை ஓட்ட அவளிடமும் லைசென்ஸ் இல்லை, இவனிடம் என்றைக்குமே இல்லை.

"வண்டி இங்கயே நிக்கட்டும்," என்றாள் தனம், பெரிய மனதோடு. "அதுக்கு டோக்கன் வேணாம்."

பன்னிரண்டு இருபது பஸ். உட்கார இடமில்லை. ஊரைத் தாண்டுவதற்குள் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று முன்னால் வந்து சேர்ந்துகொண்டது. அதற்கு முன்னால் இன்னொன்று. அதற்கும் முன்னால் ஒன்று. ராஜராஜன் ஜன்னல் வழியே தலையை நீட்டி எண்ணினான்.

"ஒம்போது லாரி மேடம். ஒருத்தன்கிட்டயாவது லைசென்ஸ் இருக்கான்னு கேட்டு எறக்கிவிடட்டுமா?"

"உன்ன மொதல்ல எறக்கிவிடுவேன்."

ஆனாலும் அவளுடைய விரல்கள் கைப்பையை இறுக்கிக்கொண்டே இருந்தன. மணி ஒன்று ஆனது. ஒன்று இருபது ஆனது. நாற்பத்தொரு நாள் என்று அந்தப் பெண் சொன்ன விதம் ராஜராஜனின் காதிலேயே நின்றது. ஜோக் எதுவும் வரவில்லை.

நாலு ரோட்டில் அவர்கள் குதித்து இறங்கியபோது ஒன்று ஐம்பது. கார் போயிருக்க வேண்டும். போகவில்லை. காருக்கு நேர் முன்னால், வெயிலில், பெரிய அலுமினிய மூடியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ருமைசா நின்றிருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்திருந்தார். மேலே கயிறு கட்டிய பெட்டிகளோடு நின்ற காருக்குள் ஜபருல்லா கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, பிளைட்டு எனக்காகக் காத்திருக்குமா? இந்தப் புள்ள நகர மாட்டேங்குது!"

மலர்கொடி ஓடினாள். லைசென்ஸ் அவள் கையிலிருந்து ஜபருல்லாவின் சட்டை உள்பாக்கெட்டுக்குப் போனது. ருமைசா எட்டிப் பார்த்து, அந்தப் பாக்கெட்டின் பட்டனைத் தானே போட்டுவிட்டாள். அதற்கப்புறம்தான் வழியை விட்டாள்.

"இன்ஷா அல்லாஹ், ராத்திரியே அவன் கையில குடுத்துர்றேன்," என்றார் ஜபருல்லா. கார் பறந்தது.

ருமைசா மூடியை ராஜராஜனிடம் நீட்டினாள். "சாரிண்ணே."

"நாளைக்கே ஆபீஸ்ல போயி, ஒரிஜினல் கெடச்சிருச்சு, டூப்ளிகேட் வேணாம்னு எழுதிக் குடுத்துரும்மா," என்றாள் மலர்கொடி. "அப்புறம் டிரம்முக்கு வேற மூடி வாங்கிக்க."

ருமைசா இல்லையென்று தலையசைத்தாள். "வேணாம்க்கா. அவுங்க பாஸ் பண்ணிட்டா நானும் அங்க போயிருவேன்ல, டிரம்மையே கவுத்துருவேன்."

அன்று சாயங்காலமே மூடி அரியலூர் போய்ச் சேர்ந்தது. மலர்கொடி ஆணியிலிருந்து இறங்கினாள். ஊர் திரும்பும்போது ஸ்கூட்டியை அவளே ஓட்டினாள். ராஜராஜன் பின்னால் உட்கார்ந்து வந்தான். யோசித்துப் பார்த்தான், மூளை ஒன்றும் ஓடவில்லை.

மறுநாள் மதியம், பெரம்பலூரில் கேட் போட்ட ஒரு காலி மனையில், கோலமாவால் போட்ட பெரிய எட்டுக்குள் ராஜராஜன் ஸ்கூட்டியோடு போராடிக்கொண்டிருந்தான். மலர்கொடி வேப்ப மரத்தடியில் போனைப் பார்த்தபடி நின்றாள்.

"மேடம்! சார்ஜாவுலேர்ந்து ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சு. கால ஊனாம எட்ட முடி. காட்டுறேன்."

ராஜராஜன் பல்லைக் கடித்தான். ஆறைத் தாண்டினான். ஏழு என்று ஒன்று இருந்தால் அதையும் தாண்டினான். கால் தரையில் படாமல் மரத்தடிக்கு வந்து பிரேக்கைப் பிடித்தான். மலர்கொடி போனை நீட்டினாள். ருமைசா அனுப்பியிருந்தாள். எழுத்து ஒன்றும் இல்லை, ஒரே ஒரு போட்டோ. மாடிப் போர்ஷனின் மூலையில் அந்த நீல டிரம், கவிழ்த்து வைத்திருந்தது.

ராஜராஜன் வெகுநேரம் அதையே பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"மேடம், விசா வரவே ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் அந்தப் புள்ள தண்ணிக்கு என்ன பண்ணும்?"

"கொடம் இருக்கும்ல," என்றாள் மலர்கொடி. "இன்னொரு எட்டு போடு."